தொழிலதிபர் அதிபரானால்

தமிழில் 'அதிபர்' என்ற சொல் கொஞ்சம் தாராளமானது. ஆலை வைத்திருப்பவர் தொழிலதிபர், நாட்டை ஆள்பவர் அதிபர். இலங்கைப் பக்கம் போனால் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை தாங்குபவரும் அதிபர்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவோம். முதல் இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே பேச்சு.

இதற்கு ஒரு பெயர் உண்டு: நலன் முரண். கிரிக்கெட் செய்திகள் படிக்கிறவர்களுக்கு 'இரட்டை ஆதாயம்' என்று சொன்னால் சட்டென்று பிடிபடும். பொதுவுக்காக ஒருவர் எடுக்க வேண்டிய முடிவு, அவருடைய சொந்தப் பைக்கும் லாபமோ நட்டமோ கொண்டுவரும் என்றால் அவர் நலன் முரணில் நிற்கிறார் என்று அர்த்தம். நிறையப் பேர் வழுக்கும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. நலன் முரணில் நிற்பவர் தப்பு செய்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. லஞ்சம் என்பது ஒரு செயல். வாங்கினாரா இல்லையா என்று கேட்கலாம். நலன் முரண் என்பது ஒரு நிலை. மாமனார் தொடுத்த வழக்கை மருமகனே நீதிபதியாக இருந்து விசாரிக்கிறார் என்று வையுங்கள். தீர்ப்பு தராசு முள் அசையாத அளவுக்கு நியாயமாக இருக்கட்டும். தோற்றவர் அதை ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொள்ளாதது அவர் குற்றமா?

விளக்கத்தை இதற்கு மேல் நீட்டினால் சட்டப் புத்தகம் ஆகிவிடும். ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வது நல்லது. இந்தியப் பெருங்கடலில், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கிடக்கும் மடகாஸ்கர் தீவின் மார்க் ரவலோமனானாவை நான் எடுத்துக்கொள்கிறேன். சைக்கிளில் தயிர் விற்று, தொழிற்சாலைகள் கட்டி, தலைநகரின் மேயராகி, நாட்டின் அதிபராகி, நாட்டை விட்டே ஓடி, திரும்பி வந்தவர். நலன் முரணைப் புரிந்துகொள்ள இவ்வளவு முழுமையான பாடம் எளிதில் கிடைக்காது. (மலகாசி மொழியில் 'ஓ' என்று எழுதி 'உ' என்று உச்சரிப்பார்கள். எனவே அவர் ஊரில் அவர் 'ரவலுமனான'. நான் எழுத்தையே பின்பற்றுகிறேன்.)

முதலில் அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம். தீவு என்றதும் கைக்கடக்கமான ஒன்று கண்ணில் வரும். மடகாஸ்கர் அப்படியில்லை. சுமார் 5,87,000 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. உலகின் நான்காவது பெரிய தீவு. ஆனால் பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் அது மிகச் சிறிய ஊர். தலைநகர் அன்டனானரிவோ நடுமேட்டு நிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கப்பல் வந்து நிற்பது கிழக்குக் கரையின் தோமாசினா துறைமுகத்தில். நாட்டின் இறக்குமதியில் பெரும்பகுதி அங்கேதான் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 350 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஏறும் ஒரே முக்கியச் சாலை. பெட்ரோல், கோதுமை, சமையல் எண்ணெய், மருந்து எல்லாம் அந்த ஒற்றைக் குழாய் வழியாகத்தான் மேலேறி வர வேண்டும். குழாயின் வாயில் நிற்பது சுங்கத்துறை. சுங்கத்துறை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வணிகத்தில் என்ன பலம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நிலத்தால் சூழப்பட்ட நாட்டில் ஒரு எல்லை அடைத்தால் இன்னொன்று திறக்கும். தீவில் அந்த வசதி இல்லை. இந்தக் குழாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ரவலோமனானா பிறந்தது 1949 டிசம்பரில், அன்டனானரிவோவுக்குப் பக்கத்தில் இமெரின்காசினினா என்ற கிராமத்தில். புராட்டஸ்டன்ட் குடும்பம். வீட்டில் உறை ஊற்றிய தயிரைச் சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாக விற்றதில் தொடங்கியது அவருடைய தொழில். தேவாலயத் தொடர்புகளின் உதவியோடு உலக வங்கிக் கடன் கிடைத்தது, முதல் தொழிற்சாலை எழுந்தது. டிக்கோ என்பது நிறுவனத்தின் பெயர். பால், தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி, பழச்சாறு, சமையல் எண்ணெய் என்று டிக்கோ விரிந்துகொண்டே போனது. பிரெஞ்சு ஆட்சி 1960இல் போன பிறகும் பெருவணிகம் வெளியாட்கள் கையிலும் அரசாங்கத்தின் கையிலும்தான் இருந்தது. அங்கே ஒரு மலகாசிக்காரர், மலகாசி மாட்டுப் பாலை, மலகாசிப் பெயர் போட்ட டப்பாவில் அடைத்து விற்றார். 'வீட்டா மலகாசி', அதாவது மடகாஸ்கரில் செய்தது, என்பதே அவர் சரக்கின் முழக்கம். அந்த டப்பாவை வாங்கியவர்களுக்குத் தயிரோடு கொஞ்சம் தன்மானமும் சேர்ந்து கிடைத்தது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே பெரிய காரியம் செய்தார்.

அரசியலுக்கு வந்தது 1999இல். தலைநகரின் மேயர் பதவிக்கு நின்றபோது அவர் அமைப்பின் பெயர் 'தியாக்கோ இயாரிவோ'. அன்டனானரிவோவை நேசிக்கிறேன் என்று பொருள். பின்னால் நாடு முழுவதற்குமான கட்சி ஆனபோது 'தியாக்கோ இ மதகாசிகாரா', மடகாஸ்கரை நேசிக்கிறேன். தியாக்கோ, டிக்கோ. காதில் விழும்போது இரண்டுக்கும் எவ்வளவு தூரம்? கட்சிப் பெயரைச் சொன்னால் தயிர் நினைவுக்கு வரும், தயிரைத் திறந்தால் கட்சி நினைவுக்கு வரும். இது விளம்பரக் கெட்டிக்காரத்தனம்தான், சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனாலும் நலன் முரணின் முதல் கோடு இங்கேயே விழுந்துவிட்டது.

மேயராக அவர் குப்பையை அள்ளினார், சாலையைச் செப்பனிட்டார், பொதுக் கழிப்பறைகள் கட்டினார். முறைகேடாக எழுந்த கட்டடங்களை இடித்து எதிரிகளையும் சம்பாதித்தார். முதலாளி பாணி நிர்வாகம்: உத்தரவு போடு, முடி, அடுத்ததைப் பார். நகரவாசிகளுக்குப் பிடித்திருந்தது. அவருக்குச் சொந்தமாக ஒரு வானொலி-தொலைக்காட்சி நிறுவனமும் இருந்தது, எம்.பி.எஸ். என்று பெயர். புராட்டஸ்டன்ட் சபையின் துணைத் தலைவர் பொறுப்பும் இருந்தது. தேர்தல் மேடையில் அவர் பிடித்துக்கொண்ட வசனம் மாற்கு சுவிசேஷத்திலிருந்து: "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு." மார்க் என்ற பெயர்க்காரர் மாற்கிலிருந்தே வசனம் எடுத்ததைக் கவனித்தீர்களா?

2001 டிசம்பரில் அதிபர் தேர்தல். எதிரில் திதியே ரட்சிராக்கா, கடற்படை அதிகாரியாக இருந்து வந்தவர், நடுவில் சில ஆண்டுகள் போக 1975 முதல் நாட்டை ஆண்டவர். அதிகாரபூர்வக் கணக்கில் ரவலோமனானாவுக்கு 46 சதவீதம், ரட்சிராக்காவுக்கு 41 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று என்றார்கள். பாதியை ஏற்கெனவே தாண்டிவிட்டேன் என்றார் ரவலோமனானா. தலைநகரின் மே 13 சதுக்கத்தில் நாள்தோறும் கூட்டம், பொது வேலைநிறுத்தம். 2002 பிப்ரவரி 22 அன்று தானே அதிபர் என்று அறிவித்துக்கொண்டார். ரட்சிராக்கா தோமாசினாவுக்குப் போய் அங்கே தன் தலைநகரை வைத்துக்கொண்டார். ஒரு நாடு, இரண்டு அதிபர்கள்.

முன்னே சொன்ன குழாய் இப்போது நினைவுக்கு வரட்டும். ரட்சிராக்காவின் ஆட்கள் அதைத்தான் அடைத்தார்கள். சாலைகளில் தடுப்புகள், வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட பாலங்கள். மேட்டு நிலத்துக்குப் பெட்ரோல் ஏறவில்லை, விலைவாசி எகிறியது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 12 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. ஏப்ரல் கடைசியில் நீதிமன்றம் மறு எண்ணிக்கை செய்து ரவலோமனானாவுக்கு 51 சதவீதத்துக்கு மேல் என்று அறிவித்தது. மே 6 பதவியேற்பு. ஜூலையில் ரட்சிராக்கா பிரான்சுக்குப் பறந்தார். நடுமேட்டு மெரினா இனத்திலிருந்து தேர்தல் வழியாக அதிபரான முதல் ஆள் ரவலோமனானா. கரையோர மக்களுக்கு அது ஒரு உறுத்தல், மேட்டு நில மக்களுக்கு அது ஒரு நிறைவு.

ஆட்சியின் நல்ல பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் சர்ச்சை குறைவு. தொடக்கப்பள்ளிக் கட்டணம் ஒழிந்தது. சாலைகள் போடப்பட்டன. 2003இல் டர்பன் மாநாட்டில், பாதுகாக்கப்பட்ட காடுகளின் பரப்பை 17 லட்சம் ஹெக்டேரிலிருந்து 60 லட்சம் ஹெக்டேர் ஆக்குவேன் என்று வாக்குக் கொடுத்து உலகச் சூழலியலாளர்களின் செல்லப்பிள்ளை ஆனார். பிரெஞ்சு வாடை அடித்த பிராங்க் நாணயம் போய் அரியாரி வந்தது. 2006 டிசம்பரில் சுமார் 55 சதவீத வாக்கோடு முதல் சுற்றிலேயே மறுபடி வென்றார்.

இந்தச் சாதனைகளுக்கு நடுவே டிக்கோவும் வளர்ந்தது. அதன் மொத்த விற்பனைக் கடைகளான மக்ரோ ஊர் ஊராகத் திறந்தன. டிக்கோவின் இறக்குமதிகளுக்கு வரிச்சலுகை கிடைக்கிறது, போட்டியாளர்களுக்குக் கிடைப்பதில்லை என்று மற்ற வணிகர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு சத்தமாகவே சொன்னார்கள். 2008 முடிவில், அரசுக்கும் அதிபரின் நிறுவனங்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைக் கேள்வி கேட்டுப் பன்னாட்டு நிதி அமைப்புகளும் உதவித்தொகையை நிறுத்தி வைத்தன.

பாடத்தின் நடுப்பகுதி இதுதான். சமையல் எண்ணெய் இறக்குமதி வரியைக் குறைக்கிறார் ஒரு அதிபர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல முடிவாக இருக்கலாம், ஏழை வீட்டில் எண்ணெய் விலை குறையும். ஆனால் அந்த எண்ணெயைச் சுத்திகரித்து விற்பது அதிபரின் தொழிற்சாலை. இப்போது அந்த முடிவை எப்படிப் படிப்பது? ஏழைக்காகவா, எண்ணெய்க்காகவா? வெளியே நிற்பவருக்குத் தெரியாது. எனக்கு இதைவிடச் சுவாரஸ்யமாகத் தோன்றுவது வேறு: அவருக்கே தெரியுமா? முப்பது வருடம் தன் கம்பெனிக்கு நல்லது எதுவோ அதுவே மலகாசிக்காரனுக்கு நல்லது என்று நம்பி வளர்ந்த மனிதர் அவர். 'வீட்டா மலகாசி' அவருக்கு வெறும் முழக்கமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். நலன் முரணின் உண்மையான ஆபத்து கயவர்களிடம் இல்லை, தன் நேர்மையை மனதார நம்புகிறவர்களிடம்தான் அது ஆழமாக வேர்விடுகிறது.

சரி, மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? சொத்துக் கணக்கைப் பகிரங்கமாக வைக்கச் சொல்வது ஒரு வழி. தன் தொழிலைத் தொடும் முடிவு வரும்போது அறையை விட்டு எழுந்து போய்விடுவது இன்னொன்று. பங்குகளை ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் எதை வாங்குகிறார், எதை விற்கிறார் என்றே தெரியாமல் இருப்பது மூன்றாவது. மூன்றாவது வழி பங்குச்சந்தைக் காரர்களுக்குப் பொருந்தும். தயிர்க்காரருக்குப் பொருந்தாது. தெருவில் போகும் ஒவ்வொரு டிக்கோ லாரியையும் அவருக்குத் தெரியும், லாரிக்கும் அவரைத் தெரியும். அமைச்சரவையின் பாதி முடிவுகள் தன் தொழிலைத் தொடும்போது எத்தனை முறை அறையை விட்டு எழுந்து போவது? சிறிய சந்தையில் பெரிய வணிகர் என்றாலே சிக்கல் இதுதான். அவருடைய கை படாத பண்டம் குறைவு. தொழிலை விற்றுவிட்டு வருவதுதான் மிச்சமுள்ள ஒரே சுத்தமான வழி. பெற்ற பிள்ளையை விற்கச் சொல்வது போல அவர்களுக்கு அது கேட்கும்.

2008இல் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, அதிபருக்கு 6 கோடி டாலரில் ஒரு போயிங் விமானம். விமானம் யாருடையது, நாட்டுடையதா, அவருடையதா என்ற கேள்வி அதன் கூடவே இறங்கியது. இன்னொன்று இதைவிடக் கனமானது. தென்கொரியாவின் டேவூ லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் மக்காச்சோளமும் எண்ணெய்ப் பனையும் பயிரிட 13 லட்சம் ஹெக்டேர் நிலத்தை 99 ஆண்டு குத்தகைக்கு எடுக்கப்போகிறது என்று நவம்பரில் வெளியானது. மலகாசியில் தாய்நாட்டுக்கு 'தனிந்த்ரசானா' என்று பெயர், முன்னோர்களின் நிலம் என்று பொருள். புதைத்த மூதாதையரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, புதுத் துணி சுற்றி, கொண்டாடி மறுபடி அடக்கம் செய்யும் ஊர் அது. அங்கே நிலம் என்பது வெறும் சொத்து அல்ல. ஒரு வணிகர் கணக்குப் போடுவது போல அதிபர் நிலத்துக்குக் கணக்குப் போட்டார் என்ற எண்ணம் பரவியதும், பழைய முணுமுணுப்புகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டன.

திரட்டியவர் அன்ட்ரி ராஜோலினா. இளைஞர், டிஸ்க் ஜாக்கியாக இருந்தவர், விளம்பர நிறுவன முதலாளி, விவா என்ற தொலைக்காட்சிக்குச் சொந்தக்காரர், 2007 முடிவில் தலைநகரின் மேயர். ஆமாம், அதே ஏணி, அதே படிகள். 2008 டிசம்பரில் விவா, நாட்டை விட்டு ஓடிய ரட்சிராக்காவின் பேட்டியை ஒளிபரப்பியது. அரசு அந்தத் தொலைக்காட்சியை மூடியது. மூடியவர் யார்? அதிபர். அந்த அதிபர் யார்? போட்டித் தொலைக்காட்சியின் முதலாளி. மருமகன் தீர்ப்பெழுதிய மாமனார் வழக்கு இப்போது கண்முன் நடந்தது. பொது ஒழுங்குக்காக மூடினோம் என்று எத்தனை முறை சொன்னாலும் எடுபடவில்லை.

2009 ஜனவரி 26 அன்று தலைநகர் பற்றி எரிந்தது. கூட்டம் எதைக் கொளுத்தியது என்று பாருங்கள்: அரசு வானொலி நிலையத்தை, எம்.பி.எஸ்.ஸை, மக்ரோ கடைகளை. எரிந்த கடைகளுக்குள் சிக்கி உயிரிழந்தவர்களும் உண்டு. அரசாங்கத்தின் மீது கோபம் வந்தால் வழக்கமாக அரசு அலுவலகத்தின் முன் கல் விழும். இங்கே மளிகைக் கிடங்கு எரிந்தது. அரசு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்ற கோடு தெருவில் நின்றவர்களுக்கு அழிந்து போயிருந்தது. பிப்ரவரி 7 அன்று அதிபர் மாளிகை ஒன்றை நோக்கி நடந்த கூட்டத்தின் மீது காவல்படை சுட்டதில் குறைந்தது 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கு மீட்சி இல்லை. மார்ச்சில் கேப்சாட் என்ற படைப்பிரிவு கலகம் செய்தது. மார்ச் 17 அன்று அவர் ராணுவத் தளபதிகளிடம் அதிகாரத்தைக் கொடுத்தார். அவர்கள் அதை வாங்கிய வேகத்தில் ராஜோலினாவிடம் கொடுத்தார்கள். அப்போது ராஜோலினாவுக்கு வயது 34. அதிபராக அரசியல் சட்டம் கேட்ட வயது 40.

பிறகு நடந்தவை வேகமாக ஓடுகின்றன. தென்னாப்பிரிக்காவில் தஞ்சம். விமான விவகாரத்தில் அவர் இல்லாமலே நான்கு ஆண்டுத் தண்டனை. துப்பாக்கிச் சூட்டுக்காக 2010இல் ஆயுள் தண்டனை, கடின உழைப்போடு. 2012இல் ஊர் திரும்ப விமானம் ஏறினார், அதைத் தரையிறங்க விடாமல் நடுவழியில் திருப்பி அனுப்பினார்கள். 2014 அக்டோபரில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார், கைதானார், 2015இல் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு அவர் மனைவி லலாவோ தலைநகரின் மேயராகத் தேர்வானார். 2018 டிசம்பரில் அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் ரவலோமனானாவும் ராஜோலினாவும் நேருக்கு நேர் நின்றார்கள். 44க்கு 56 என்ற கணக்கில் ராஜோலினா வென்றார். அந்த ராஜோலினாவையும் 2025 அக்டோபரில், தண்ணீரும் மின்சாரமும் கேட்டுத் தெருவுக்கு வந்த இளைஞர்களின் பக்கம் சாய்ந்து கவிழ்த்தது அதே கேப்சாட் படைதான்.

இவ்வளவு ஓட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலும் பதவியும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதால், பதவி போனால் தொழிலும் போகும். 2009க்குப் பிறகு புதிய அரசு டிக்கோவிடம் வரிப்பாக்கி கேட்டது, தொழிற்சாலைகள் மூடின. வரிக் கோரிக்கை நியாயமானதா, பழிவாங்கலா? கேட்டவரும் தொழிலதிபர்தான், எனவே இந்தக் கேள்விக்கும் நம்பும்படி பதில் இல்லை. இப்படி ஒரு நாட்டில், தேர்தலில் தோற்றவர் எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் இழப்பார். அதனால் தோற்றவர் யாரும் எளிதில் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை, வென்றவர் யாரும் எளிதில் இறங்குவதில்லை. 2002இலும் 2009இலும் தெருவில் கூட்டம் திரண்டதற்குப் பல காரணங்கள் உண்டு. இது அவற்றில் சின்னது அல்ல.

அன்டனானரிவோவுக்குத் தெற்கே அன்ட்சிராபே நகரைச் சுற்றியுள்ள குளிர்ந்த மேட்டு நிலம் மடகாஸ்கரின் பால் வட்டாரம். இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் விவசாயிகள் அங்கே கறந்த பாலை டிக்கோவுக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாங்குபவர்களில் பெரியவர் அதுதான். தொழிற்சாலை நின்றது தலைநகரில் ஆட்சி மாறியதால். மாடு வழக்கம் போல விடியலில் பால் தந்தது. கறந்த பாத்திரத்தை வைத்துக்கொண்டு, இனி யாரிடம் ஊற்றுவது என்று அவர்கள் தேட வேண்டியிருந்தது.